மூன்று டிராம்போன்கள்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

டிராம்போன் என்றாலே நம்மில் பலருக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நீண்ட பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகின்ற அந்தக் கருவி, படத்தில் யாராவது வழுக்கி விழும்போது ஓசை எழுப்புவதற்கென்றே படைக்கப்பட்டது போலும் என்று நினைத்திருக்கிறோம். ஜாஸ் என்றாலோ வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பழைய படங்களில் வில்லன் மதுக்கோப்பையுடன் வீற்றிருக்கும் விடுதியில்தானே அவ்வகை இசை ஒலிக்கும்! ஆகவே, ஒரு ஜாஸ் இசைத்தட்டைப் பற்றி, அதிலும் அதன் டிராம்போன்களைப் பற்றி நமது ஆண்டு மலரில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காது கொடுத்துக் கேட்டபின் தீர்ப்புச் சொல்வதே முறை என்பது நம் கருத்து.

இசைத்தட்டின் பெயர் 'கோ-கோ'. டியூக் எலிங்டன் இயற்றித் தம் குழுவினருடன் 1940-ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று, சிகாகோ நகரில் விக்டர் நிறுவனத்திற்காகப் பதிவு செய்தது. எலிங்டன் 1899-இல் வாஷிங்டன் நகரில் பிறந்து 1974-இல் மறைந்த கறுப்பின இசைமேதை. 'பிக் பேண்டு' எனப்படும் பெரிய வாத்தியக் குழுவை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கட்டி நடத்தியவர். அன்று அவரையும் சேர்த்துப் பதினைந்து பேர் வாசித்தார்கள். டிரம்பெட் வகையில் மூவர், டிராம்போன் மூவர், சாக்ஸபோனும் கிளாரினெட்டும் ஊதுவோர் ஐவர், பிறகு பியானோ, கித்தார், பேஸ், டிரம்ஸ். அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்றே மேலாகத்தான் இடம் உண்டு. 'கோ-கோ' அந்த மூன்று நிமிடத்தைக்கூட எட்டவில்லை. மதிய உணவு இடைவேளையில் சோறும் தின்று, அதைப் பத்து முறை கேட்டும் விடலாம்.

முதலில் டிரம்ஸின் மெல்லிய அடி. அடியில் ஹாரி கார்னி என்பவர் தம் பெரிய பேரிட்டோன் சாக்ஸபோனில் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருக்கிறார். நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுரத்தின்மேல் மூன்று டிராம்போன்களும் சேர்ந்து, மழைக்கு முன் வானம் கறுப்பது போல எழுகின்றன. இந்த முன்னுரை முடிந்ததும் பன்னிரண்டு அளவைகள் கொண்ட சுற்று தொடங்குகிறது. 'புளூஸ்' எனப்படும் பாடல்முறைக்கு உரிய சுற்று அது. நம் சங்கீதத்தின் ஆவர்த்தனம் போல மீண்டும் மீண்டும் வரும். இந்த இசைத்தட்டில் ஏழு முறை வருகிறது.

முதற்சுற்றில் கேள்வி கேட்பவர் ஹுவான் டிசோல். அவருடைய டிராம்போன் ஒரு சிறு தொடரைச் சொல்ல, சாக்ஸபோன்கள் கூட்டமாக மறுமொழி சொல்கின்றன. அடுத்த இரு சுற்றுகளும் ஜோ நான்டனுக்கு. இங்கேதான் நாம் நிமிர்ந்து உட்கார்கிறோம். ஏனெனில் ஒலிப்பது கருவியா, மனிதனா என்று ஐயம் வருகிறது. 'யா, யா' என்று யாரோ தொண்டை அடைக்க முறையிடுகிறார்கள். முறையிடுகிறார்களா, கேலி செய்கிறார்களா? இரண்டுமாகத் தோன்றுகிறது. அதன்பின் எலிங்டனின் பியானோ வந்து முரண்பட்ட சுரங்களைச் சிதறிவிட்டுப் போகிறது. டிரம்பெட்டுகள் மேலேறுகின்றன. திடீரென்று எல்லாரும் நிறுத்த, ஜிம்மி பிளான்டனின் பேஸ் மட்டும் தனியே நடக்கிறது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. 1942-இல், இருபத்து மூன்றாம் வயதில் இறந்துபோனார். ஏழாம் சுற்றில் பதினைவரும் ஒன்றாய் முழங்குகிறார்கள். பிறகு முன்னுரையின் அந்தக் கறுத்த வானம் திரும்புகிறது.

இதில் சோகம் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரின் காங்கோ சதுக்கத்தை மனத்தில் வைத்து இதை அமைத்ததாக எலிங்டனே கூறியிருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அங்கே கூடி முரசு கொட்டி ஆடினார்கள். ஞாயிறு மட்டும் ஏன்? லூயிசியானா பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, 1724-இல் வந்த சட்டம், அடிமைகளுக்குக் கத்தோலிக்க மறையைக் கற்பிக்க வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களிடம் வேலை வாங்கலாகாது என்றும் விதித்தது. ஓய்வு நாளைக் கொடுத்த அதே சட்டம் மனிதரை அசையும் சொத்தாகவும் எழுதி வைத்தது என்பதையும் நாம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இனி அந்த மூவரிடம் வருவோம். இவர்களைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தோம்.

சாதாரண டிராம்போனில் இழுகுழாய்க்கு ஏழு நிலைகள் உண்டு. அந்த நிலைகளுக்குக் குழாயில் அடையாளம் எதுவும் இராது. கையும் காதும்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிசோல் ஊதியது அவ்வகை அன்று. விரலால் அழுத்தும் வால்வுகள் வைத்த டிராம்போன் அது. ஆகையால் அவருடைய ஒலி திருத்தமாக, வெட்டி வைத்தாற்போல இருக்கும். 1900-இல் போர்ட்டோ ரிக்கோத் தீவில் பிறந்த அவர் 1929-இல் எலிங்டனிடம் சேர்ந்தார். 'கேரவன்' என்ற புகழ்பெற்ற மெட்டுக்கு மூலவர் அவரே. எலிங்டன் எழுதியதைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியைப் பிரதி எடுத்துக் கொடுக்கும் பொறுமையான வேலையையும் அவர் செய்தார்.

நான்டன் நியூயார்க்கில் 1904-இல் பிறந்தவர், பெற்றோர் மேற்கிந்தியத் தீவினர். 'டிரிக்கி சாம்' என்பது தோழர்கள் இட்ட பெயர். அடைத்துக்கொண்ட தொட்டியைத் திறக்கக் கழிவுக்குழாய்ப் பணியாளர் வைத்திருப்பாரே, கம்பின் முனையில் ரப்பர்க் கிண்ணம். கம்பைக் கழற்றிவிட்டால் மீதமாவதே நான்டனின் இசைக்கருவி! ஒரு சிறு அடைப்பானைக் குழாயின் வாய்க்குள் செருகி, வெளியே இந்த ரப்பர்க் கிண்ணத்தை இடக்கையால் மூடித் திறந்து, கூடவே தொண்டையிலும் உறுமி, அந்த மனிதக் குரலை வரவழைத்தார். 'இது எந்தப் பயிற்சியும் வேண்டாத வெறும் சத்தம்' என்று சொல்பவர்கள், ஒரு கையால் குழாயை இழுத்துக்கொண்டு மறு கையால் கிண்ணத்தைத் திறந்து மூடி, சுரம் பிசகாமல் ஒரே ஒரு வரி ஊதிக் காட்டட்டும்.

மூன்றாமவர் லாரன்ஸ் பிரவுன். 1907-இல் பிறந்தவர், மறைப்பணியாளர் ஒருவரின் மகன். மதுவையும் புகையையும் சூதாட்டத்தையும் அண்டாதவர். அதனால் இசைக்குழுவில் அவருக்கு 'டீக்கன்', அதாவது திருத்தொண்டர் என்றே பட்டப்பெயர். (வில்லனின் விடுதியை நினைத்து முகம் சுளித்தவர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம்.) அவர் ஊதினால் டிராம்போன் செல்லோவைப் போலப் பாடும். பட்டுப்போன்ற ஒலி. மூவரில் யார் குரல் இனிமை என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் பிரவுனைத்தான் சொல்வோம்.

அப்படியிருக்க, 'கோ-கோ'வில் பிரவுனுக்குத் தனியாக ஓர் அளவைகூடக் கிடையாது. டிசோலுக்கு ஒரு சுற்று, நான்டனுக்கு இரண்டு. இனிய குரலோன் வரிசையில் இருந்து மற்ற இருவரோடும் சேர்ந்தே ஊதுகிறார். முதலில் இது நமக்கு அநியாயமாகத் தோன்றியது. பலமுறை கேட்டபின், எலிங்டன் செய்ததே சரி என்கிறோம். காங்கோ சதுக்கத்தின் முறையீட்டைப் பட்டுக்குரலில் சொன்னால் அது பொய்யாகிவிடும். அதே சமயம் முன்னுரையில் மூவரும் சேர்ந்து எழும் இடத்தில் பிரவுனின் மென்மையை எடுத்துவிட்டால் அந்த வானம் அவ்வளவு ஆழமாய்க் கறுக்காது.

வேறு குழுக்களின் டிராம்போன் வரிசைகள் மோசம் என்று சொல்ல வரவில்லை. அவற்றில் பல, மூவரோ நால்வரோ ஊதினாலும் ஒரே ஆள் ஊதுவது போல இழைந்து ஒலிக்கும். அது ஒரு பெரிய திறமைதான். எலிங்டன் தேடியது வேறு. அவருடைய கையெழுத்துப் படிகள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் 'முதல் டிராம்போன், இரண்டாம் டிராம்போன்' என்று எழுதாமல் வாசிப்பவரின் பெயரையே எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. கருவிக்காக அவர் எழுதவில்லை, ஆளுக்காக எழுதினார்.

இதன் அருமை விளங்க இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1930-இல் வெளிவந்த 'செக் அண்ட் டபுள் செக்' என்ற திரைப்படத்தில் எலிங்டன் குழு தோன்றியது. டிசோலும், கிளாரினெட் வாசித்த பார்னி பிகார்டும் வெளுத்த நிறத்தவர்கள். கறுப்பரும் வெள்ளையரும் கலந்து அமர்ந்திருப்பதாகப் பார்ப்பவர் எண்ணிவிடக் கூடாதென்று அவ்விருவர் முகத்திலும் கருநிறம் பூசிவிட்டார்கள்! எல்லாரும் ஒரே மாதிரி தோன்றியாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்கள் முகத்தின்மேலேயே பூசப்பட்டது. அதே டிசோலை, அவர் எப்படியோ அப்படியே ஒலிக்கவிட்டது எலிங்டன் எழுதிய தாள்.

இதை எண்ணும்போது நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் நடப்பது நினைவுக்கு வராமல் இருக்குமா? ஆண்டு விழா நெருங்கினால் சேர்ந்திசைக்கு ஆள் எடுப்பார்கள். கணீரென்ற குரலாளுக்கு முன்வரிசை. குரல் கட்டையாகவோ கரகரப்பாகவோ இருந்துவிட்டால், 'நீ சும்மா வாயை மட்டும் அசை, போதும்' என்ற அறிவுரை. அவளும் வெள்ளைத் தாவணியும் நீல ரிப்பனுமாக நின்று, மூன்று பாட்டுக்கும் வாயசைத்துவிட்டு இறங்குவாள். இதைப் படிக்கும் அம்மாக்களிலும் அப்படி வாயசைத்தவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கேட்டால் தெரியும், நாற்பது வருடம் ஆனாலும் மறப்பதில்லை.

சேர்ந்திசை என்றால் குரல்கள் இழைய வேண்டாமா என்று எம் தோழியர் சிலர் வாதாடுகிறார்கள். வேண்டும்தான். 'கோ-கோ'விலும் பதினைவரும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டே நடக்கிறார்கள். பன்னிரண்டு அளவைக்கு மேல் ஒருவரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. கார்னி பிடித்த சுரத்தை விட்டிருந்தால் நான்டனின் உறுமல் வெறும் கூச்சலாகத்தான் போயிருக்கும். ஆனால் கரகரத்த குரல் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று யார் சொன்னது? அதற்கென்று ஒரு வரி எழுதித் தருவார் இல்லை, அவ்வளவுதான் குறை. ஆகவே நம் வேண்டுகோள் ஒன்று: எந்தப் பள்ளியானாலும், அடுத்த விழாவில் வாயசைக்கச் சொல்லப்படும் மாணவியர் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். பிறகு அவர்களுடைய குரலுக்கு ஏற்ற கீழ்ஸ்தாயி வரி ஒன்றைப் பாட்டில் சேர்க்கட்டும். பாட்டு கெடுகிறதா என்று பார்த்துவிடலாமே!

டிராம்போனை இன்னும் கோமாளிக் கருவியாகவே கருதுவோர்க்கும் ஒரு சொல். பல நூற்றாண்டுகளாக ஐரோப்பியத் தேவாலயங்களில் பாடகர் குழுவோடு சேர்ந்து ஒலித்த கருவி இது. மொசார்ட் 1791-இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் இறந்த இறந்தோர் திருப்பலி இசையில், இறுதித் தீர்ப்பின் எக்காளத்தை ஒலிப்பது ஒரு தனி டிராம்போன்தான். அங்கே அச்சமூட்டிய அதே குழாயை நான்டன் சிரிக்கவும் அழவும் வைத்தார்.

நான்டன் 1946-இல், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே காலமானார். அந்த ரப்பர்க் கிண்ணத்தின் குரலை எலிங்டன் கைவிடவில்லை. அவருக்குப்பின் வேறு சிலர் அதைப் பயின்று ஊதினார்கள். 1951-இல் குழுவை விட்டுச் சென்ற பிரவுன் 1960-இல் திரும்பி வந்தார். பட்டுக்குரலுக்குப் பெயர்பெற்ற அந்தத் திருத்தொண்டர், தம் ஐம்பது வயதுக்குமேல் அதே கிண்ணத்தைக் கையில் எடுத்து, தோழர் விட்டுச்சென்ற உறுமலை ஊதினார். 1963-இல் அமெரிக்க அரசின் சார்பில் எலிங்டன் குழு கீழை நாடுகளுக்குப் பயணம் செய்தபோது நம் நாட்டிற்கும் வந்தது. அப்போதும் டிராம்போன் வரிசையில் பிரவுன் அமர்ந்திருந்தார்.