மலைக்கு ‘டி’ மட்டும் போதாது

தினமும் மாலையில் வானொலியில் சாலை நெரிசல் சொல்கிறவள் நான். எந்த நெடுஞ்சாலையில் எத்தனை கிலோமீட்டருக்கு வாகனங்கள் தேங்கி நிற்கின்றன என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அப்படி நிற்கும் வண்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் போன பள்ளி விடுமுறை வரை எனக்குத் தெரியாது.

என் மாமா கல்யாணக் கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். தானா ராத்தாவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஆர்டர். மாமாவுக்கு முழங்கால் வலி. “நீயே ஓட்டும்மா, ஆட்டோ கியர்தானே” என்று பிக்கப் சாவியைக் கொடுத்துவிட்டார். பின்னால் இரும்புக் கம்பங்கள், அடுக்கிய நாற்காலிகள், இரண்டு அண்டா. தாப்பாவில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலையில் ஏறினோம்.

லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் வரிசை நின்றுவிட்டது. ஒரு லோரிக்குப் பின்னால் நகர்வதும் நிற்பதுமாக அரை மணி நேரம். மேட்டில் வண்டி பின்னால் உருளக் கூடாதே என்று, பிரேக்கை மிதிக்காமல் எக்ஸலரேட்டரையே லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து வைத்திருந்தேன். அதை என் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று ஒரு மஞ்சள் விளக்கு. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே ஆடாமல் நிற்கிறது. எரிவது கியர் எண்ணெய்ச் சூட்டுக்கான விளக்கு. அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும். ஓரங்கட்டி, பதற்றத்தில் எஞ்சினை அணைத்தேன். கருகிய வாடை. மாமா ஒன்றும் பேசவில்லை. அந்த வண்டிக்கு இன்னும் மூன்று வருடத் தவணை பாக்கி. அது படுத்தால் அவர் தொழிலும் படுத்துவிடும்.

தாப்பாவில் அவருக்குத் தெரிந்த ஃபோர்மேன் ஒருவரை அழைத்தார். போனை என்னிடம் நீட்டினார்.

“எஞ்சினை ஏம்மா அடைச்சீங்க? முதல்ல ஸ்டார்ட் பண்ணுங்க. ‘பி’யில போட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு, சும்மா ஓட விடுங்க. விளக்கு அணையற வரைக்கும் நகரக் கூடாது.”

காரணம் எளிது. கியர் எண்ணெயைச் சுற்ற வைக்கும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். அது சுற்றினால்தான் எண்ணெய் ரேடியேட்டர் பக்கமுள்ள கூலருக்குப் போய் ஆறித் திரும்பும். எஞ்சினை அணைத்தால் கொதிக்கும் எண்ணெய் இருந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் எஞ்சினே கொதித்து, முள் சிவப்பைத் தொட்டால் கதை வேறு. அப்போது அணைக்கத்தான் வேண்டும்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்று பிறகு பட்டறையில் கேட்டேன். ஃபோர்மேன் அங்கிள் இரண்டு காற்றாடிகளை உதாரணம் காட்டினார். எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழல விட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். ஆட்டோ கியரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் அப்படித்தான். காற்றுக்குப் பதில் எண்ணெய். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றும்போது நடுவில் கடையப்படும் எண்ணெய் சூடேறுகிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது உள்ளே ஒரு கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும், சூடு குறைவு. பாரத்தோடு மேட்டில் ஊர்ந்தால் பூட்டு விழாது. நான் செய்ததுபோல் எக்ஸலரேட்டரால் நிறுத்தி வைத்தால், சக்கரம் நகராமலேயே எஞ்சினின் உழைப்பு முழுவதும் எண்ணெயைக் காய்ச்சப் போய்விடும்.

ஆகவே மேட்டில் நிற்க பிரேக்தான். வரிசை நீண்ட நேரம் நகராது என்று தெரிந்தால் ‘என்’னில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடலாம். ஏறும்போது ‘டி’யிலேயே விட்டால் கியர் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறித் தாவும், ஒவ்வொரு தாவலும் சூடு. ‘எஸ்’, ‘2’, ‘எல்’ என்று வண்டிக்கு வண்டி எழுத்து மாறும். அதில் கீழ் கியரைப் பிடித்துக்கொண்டால் எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடும், எண்ணெய் ஆறும். சத்தத்துக்குப் பயந்துதான் பலர் அதைத் தொடுவதே இல்லை. நானும் அப்படித்தான். இறங்கும்போதும் அதே கீழ் கியர் பிரேக்கைக் காப்பாற்றும். பெட்ரோல் மிச்சம் என்று ‘என்’னில் உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்களை நினைத்தாலே எனக்கு நடுக்கம்.

கியர் எண்ணெய் பொதுவாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் நிம்மதியாக வேலை செய்யும். 120-ஐத் தாண்டி நின்றால் வேகமாகக் கெட ஆரம்பிக்கும். பெரும்பாலும் சிவப்பாக இருக்கும் அது கெட்டுப்போனால் கறுத்து, கருகல் நாற்றம் அடிக்கும். சிராப் பண்டோங் நிறத்துக்கு மாறியிருந்தால் இன்னும் மோசம்: ரேடியேட்டர் தண்ணீர் அதில் கலந்துவிட்டது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. சில வண்டிகளில் அளவு பார்க்கும் கம்பி இருக்காது. பட்டறையில்தான் பார்க்க முடியும். “ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்” என்று விற்கும்போது சொல்வார்கள். பாரம் ஏற்றி மலை ஏறும் வண்டிக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. கையேட்டில் கடும் பயன்பாடு என்று தனிக் கணக்கு போட்டிருந்தால், அதுதான் இவர்களுக்கு. ஊற்றும் எண்ணெயும் கையேட்டில் சொன்ன வகையாகவே இருக்க வேண்டும்.

அன்று விளக்கு அணைய இருபது நிமிடம் பிடித்தது. தாமதமாகப் போனாலும் கூடாரம் எழும்பியது. மறுவாரம் அங்கிள் கியர் எண்ணெயை வடித்தபோது கோப்பி ஓ மாதிரி இறங்கியது. அடித்தட்டுக் காந்தத்தில் இரும்புத்தூள் கொஞ்சம். “கிளட்ச் பிளேட் தப்பிச்சிடுச்சுன்னு நினைக்கிறேன். ஓட்டிப் பாருங்க” என்றார். ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு கூலர் வைக்கச் சொல்லியிருக்கிறார்; இருக்கிற கூலரின் இடுக்குகளில் அடைந்திருந்த சேற்றையும் பூச்சிகளையும் கழுவியும் கொடுத்தார்.

கூலர் அடுத்த மாதம்தான் பொருத்த முடியும், கையில் காசு புரள வேண்டும். அதுவரை மலைப் பக்கம் ஆர்டர் எடுக்க மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். பிரிஞ்சாங்கில் வந்த ஒரு கல்யாணத்தை வேறொருவருக்குக் கைகாட்டிவிட்டார்.