முடிந்து கொடுத்த தூண்டில்



பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கில் பழைய வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற குட்டைகள் பல உள்ளன. பள்ளி விடுமுறையில் அத்தகைய குட்டை ஒன்றின் கரையில் நானும் என் மகனும் தக்கைத் தூண்டிலோடு அமர்ந்திருந்தோம். நீருக்கடியில் கிடந்த கட்டையில் சிக்கி, அவனது தூண்டில் முள் அறுந்தது. அவன் சற்றும் தயங்காமல் கோலை என்னிடம் நீட்டி, "அப்பா, கட்டிக் கொடுங்க" என்றான்.

அவனுக்கு வயது 12. ஐந்து ஆண்டுகளாக என்னோடு மீன்பிடிக்க வருகிறான். ஆனால், ஒரு முடிச்சும் அவனுக்குத் தெரியாது. குறை அவனிடம் இல்லை. ஒருநாளும் அவனைக் கட்டச் சொல்லாத என்னிடமே இருந்தது. பெற்றோர் செய்து கொடுத்த செயல்திட்டங்களை வகுப்பில் கண்டு முகம் சுளிக்கும் ஆசிரியன் நான்! வீட்டில் நான் செய்து வந்ததும் அதுதானே?

இங்கிலாந்தில் சால்மன், டிரவுட் வகைகள் நீங்கலான நன்னீர் மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதற்குக் 'கோர்ஸ் ஆங்லிங்' என்று பெயர். அங்குத் தக்கை, குண்டு, முள் ஆகியவற்றை நரம்பில் கோத்து, சிறு சட்டங்களில் சுற்றி, வீட்டிலேயே ஆயத்தம் செய்து வைப்பார்கள். அம்முறையை மகனுக்குக் கற்பிக்க முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை இரவு உணவுக்குப் பின் மேசையில் அமர்ந்தோம்.

முதலில் முள்ளைக் கட்டும் நரம்பு. அது முதன்மை நரம்பைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் சிக்கினால் முள் மட்டும் அறும். தக்கையும் நீண்ட நரம்பும் நீரில் தங்கிப் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளா. முடிச்சை இறுக்கும் முன் நீரால் நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பு உராய்வில் சூடேறி வலுவிழக்கும். பிறகு, வாளி நீரில் தக்கையை மிதக்கவிட்டு, அதன் நுனி மட்டும் தெரியும்வரை குண்டுகளைச் சேர்த்தோம். தக்கை அதிகம் மிதந்தால், இரையைக் கவ்வும் மீன் இழுவையை உணர்ந்து விட்டுவிடும்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஈயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குண்டுகளை விழுங்கிய அன்னப் பறவைகள் மடிந்ததால், இங்கிலாந்தில் 1987ஆம் ஆண்டு முதல் 28 கிராமுக்கு உட்பட்ட பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளது. ஈயம் கலவாத குண்டுகளை வாங்குங்கள். குறட்டால் இறுக்கப் பழக்குங்கள்.

"முள் கையில் குத்திவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சம்தான். அதற்காகவே பத்திரப்படுத்தும் முறையையும் கற்பிக்க வேண்டும். தடித்த நுரைப்பலகைத் துண்டின் இரு முனைகளிலும் பள்ளம் வெட்டி, நரம்பைத் தளர்வாகச் சுற்றி, முள்ளின் நுனியை நுரைக்குள் புதைத்துவிடலாம். நரம்பின் வலிமை, முள்ளின் எண் ஆகியவற்றை அதன்மீது எழுதிவிடலாம். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பது மகனுக்குப் பெரும் வியப்பு! பயன்படுத்திய பின் துடைத்து உலர்த்தி, வெயில் படாத பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் நைலான் நரம்பு நாளடைவில் நலிந்துவிடும்.

அன்றிரவு அவன் மூன்று கோவைகளைக் கட்டினான். இரண்டு முடிச்சுகள் அவிழ்ந்தன. என் கை பரபரத்தது; அடக்கிக்கொண்டேன். அடுத்த நாள் குட்டைக் கரையில் மீண்டும் முள் அறுந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து, புதிய கோவையை எடுத்துத் தானே மாட்டினான். அன்று கிடைத்தவை இரண்டு திலாப்பியா மட்டுமே. வீடு திரும்பியதும் தன் அம்மாவிடம் அவன் மீனைப் பற்றிப் பேசவில்லை. அவிழாத முடிச்சைப் பற்றியே பேசினான்.

அன்புப் பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே! நேரம் மிச்சமாகும் என்று நாம் செய்து கொடுக்கும் ஒவ்வொன்றும், பிள்ளை கற்க வேண்டிய ஒன்றைப் பறித்துவிடுகிறது. முடிச்சு அவிழட்டும், அவர்களே மீண்டும் கட்டட்டும். உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆசிரியன்