அயர்ன்மேன் திரும்பி வரலாம்... அந்த ரன் அவுட் திரும்பாது! சூப்பர் ஹீரோ படங்கள் எங்கே சறுக்கின?

2019-ம் வருஷம் நம்மில் பல பேர் ரெண்டு தடவை அழுதோம். முதல் தடவை ஏப்ரல் 26, தியேட்டரில். ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ க்ளைமாக்ஸில் டோனி ஸ்டார்க் சொடக்குப் போட்டுவிட்டு உயிரை விட்டபோது. தமிழ் டப்பிங்கில் விஜய் சேதுபதி குரல் செட் ஆகலைன்னு மீம் போட்டவர்களும் அந்தக் காட்சியில் கர்ச்சீப்பைத் தேடினார்கள்.

இரண்டாவது தடவை ஜூலை 10, டிவி முன்னால். மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிரான உலகக்கோப்பை அரையிறுதி. 240 ரன் இலக்கு. 49-வது ஓவரின் முதல் பந்தில் சிக்ஸர் அடித்த தோனி, மூன்றாவது பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடுகிறார். மார்ட்டின் கப்டில் வீசிய பந்து நேராக ஸ்டம்பில். இந்தியா 221 ரன்னுக்கு ஆல் அவுட், 18 ரன்னில் தோல்வி. அதுதான் தோனி இந்தியாவுக்காக ஆடிய கடைசி இன்னிங்ஸ் என்பது அன்றைக்கு நமக்குத் தெரியாது.

ரெண்டு அழுகையும் அப்போ ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் இன்றைக்கு அந்த ரன் அவுட் வீடியோ ஃபீடில் வந்தால் முழுசாகப் பார்க்க முடியாமல் தள்ளிவிடுகிறேன். அயர்ன்மேன் சாகும் சீன் வந்தால் கூலாகப் பார்க்கிறேன். ஏன் இப்படி?

மல்டிவெர்ஸ் என்ன செய்தது?

மல்டிவெர்ஸ் கான்செப்ட் சிம்பிள். நாம் பார்க்கும் உலகம் மாதிரியே எண்ணிக்கை இல்லாத உலகங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் அதே ஆட்கள், வேற வாழ்க்கை. காமிக்ஸில் இது பழைய சமாச்சாரம். மார்வெல் திரைக்கதைகளில் 2021-ல் வந்த ‘லோகி’ தொடருக்குப் பிறகு இதுதான் மெயின் ரூட் ஆனது.

எழுதுபவர்களுக்கு இது பெரிய வசதி. ஒருவர் செத்துவிட்டாரா? கவலை வேண்டாம், பக்கத்து உலகத்திலிருந்து இன்னொருவரைக் கூட்டி வரலாம். 2017-ல் வந்த ‘லோகன்’ படத்தில் வோல்வரின் இறந்தார். ஹியூ ஜாக்மேனுக்கு அதைவிட நல்ல வழியனுப்பு இருக்க முடியாது. 2024-ல் ‘டெட்பூல் & வோல்வரின்’ வந்தது. படம் ஆரம்பிப்பதே லோகனின் கல்லறையைத் தோண்டுவதில்தான்! விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் மறுபடி ‘லோகன்’ பார்த்தபோது பழைய கனம் இல்லை.

அதே 2024 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் மேடையில் முகமூடியைக் கழற்றினார் ராபர்ட் டவுனி ஜூனியர். இந்த முறை வில்லன் டாக்டர் டூம். கேரக்டர் வேறதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் வழியனுப்பி வைத்த முகம் அதேதானே?

‘அதெல்லாம் சரி, படம் ஓடுதே’ என்பீர்கள். உண்மை. மூன்று ஸ்பைடர்மேன்களையும் சேர்த்துக் காட்டிய ‘நோ வே ஹோம்’ வசூலை அள்ளியது. ஆனால் அங்கே நாம் கைதட்டியது பழைய முகங்களுக்கு. பழைய முகங்களை நம்பாத ‘தி மார்வெல்ஸ்’ 2023-ல் உலகம் முழுக்க சுமார் 20 கோடி டாலரோடு நின்றது. எண்ட்கேம் வசூல் 280 கோடி டாலரை நெருங்கியது. வசூல் குறைய நூறு காரணம் இருக்கலாம். என் கணக்கில் முக்கியமானது ஒன்று: எதுவும் நிரந்தரம் இல்லை என்று தெரிந்த பிறகு பார்ப்பவனுக்குப் பதற்றம் வராது.

கிரிக்கெட்டில் ரீஷூட் கிடையாது

2023 நவம்பர் 19, அகமதாபாத். பத்து மேட்ச் வரிசையாக ஜெயித்து வந்த இந்தியா, இறுதிப்போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அடுத்த வருஷம் ஜூன் 29-ல் பார்படாஸில் டி20 உலகக்கோப்பையை 7 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். எல்லைக் கோட்டில் சூர்யகுமார் பிடித்த கேட்ச் யாருக்கு மறக்கும்? ஆனால் அந்த வெற்றி நவம்பர் 19-ஐ அழிக்கவில்லை. தோல்வி அங்கேயே இருக்கிறது. அது இருப்பதால்தான் பார்படாஸ் அவ்வளவு இனித்தது.

சினிமாவிலும் கம்பேக் உண்டு, ஸ்போர்ட்ஸிலும் உண்டு. வித்தியாசம் இதுதான்: ஒன்றில் தழும்பைத் துடைத்துவிடுகிறார்கள், இன்னொன்றில் தழும்போடு வருகிறார்கள்.

ஆனா நாமளும் அதைத்தானே பண்றோம்?

இங்கேதான் ஒரு சிஎஸ்கே ரசிகனாக எனக்கு உறுத்துகிறது. ஐந்து வருஷம் சர்வதேசப் போட்டி ஆடாத இந்திய வீரரை ‘அன்கேப்டு’ ஆகக் கணக்கிடலாம் என்ற பழைய விதி 2025 ஐபிஎல்லுக்காக மீண்டும் வந்தது. உலகக்கோப்பை வென்ற கேப்டன் 4 கோடி ரூபாய்க்கு அன்கேப்டு வீரராகத் தக்கவைக்கப்பட்டார். மல்டிவெர்ஸ் கதாசிரியருக்கே தோன்றாத ட்விஸ்ட்!

2025 மார்ச் 28, சேப்பாக்கம். பெங்களூருவுக்கு எதிராக 197 ரன் இலக்கு. ஒன்பதாவது ஆளாக இறங்கினார் தோனி. 16 பந்தில் 30 ரன், நாட் அவுட். மைதானம் அதிர்ந்தது. சிஎஸ்கே 50 ரன்னில் தோற்றது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூருவின் முதல் வெற்றி அது. கை போன மேட்ச்சில் வந்த அந்த சிக்ஸர்களுக்கு நாம் விசிலடித்தது, படம் முடிந்தபின் வரும் போஸ்ட் கிரெடிட் சீனுக்கு விசிலடிப்பது மாதிரிதான். ஜடேஜா அவுட் ஆனால் அடுத்து தோனி வருவார் என்று சொந்த டீமின் விக்கெட்டுக்குக் காத்திருந்த கூட்டமும் நாம்தான்.

அந்த சீசனில் சிஎஸ்கே முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. கேமியோவுக்கு விசில் கிடைக்கும், பாயின்ட் கிடைக்காது.

தோனி எப்போது நிறுத்தணும் என்று சொல்ல நான் யார்? அது அவர் முடிவு. என் கேள்வி நம்மைப் பற்றியது. முடிவே இல்லாத ஹீரோ வேண்டும் என்று நாம் கேட்கக் கேட்க, மார்வெலும் கொடுக்கும், ஐபிஎல்லும் கொடுக்கும். பதிலுக்கு நாம் கொடுப்பது, ‘இதுதான் கடைசி’ என்று பதறிப் பார்க்கும் அந்த சில நிமிஷங்களை.

டூம்ஸ்டேவுக்கு முதல் நாள் டிக்கெட் நானும் போடுவேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மான்செஸ்டரில் க்ரீஸுக்குச் சில அங்குலம் முன்னால் நின்றுபோன அந்த பேட் இன்னும் வலிக்கிறது. அந்த வலியை எந்த மல்டிவெர்ஸும் வந்து சரிபண்ண வேண்டாம்.