அண்டை இராஜ்யத்துச் சட்டம்

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "ஐயா, தறி எங்களுடையது, உழைப்பும் எங்களுடையது, நாங்கள் தேர்ந்தெடுத்த குழுவைக் கலைக்கும் அதிகாரம் மட்டும் ஏன் சர்க்காருடையது?" என்று வினவினார். ஆய்வாளனாகிய எனக்கு அது சங்கடமான கேள்வியே.

இதற்கு முதலில் சட்டமூலம் விடை கண்டது ஆந்திரம். 1990-இல் திட்டக் குழு நியமித்த சௌத்ரி பிரம்ம பிரகாஷ் குழு, மறு ஆண்டே ஒரு மாதிரிச் சட்டத்தை வரைந்து தந்தது. கூட்டுறவு இராஜ்யங்களின் அதிகாரத்திற்குட்பட்டதாகையால், அதை ஏற்றே தீரவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஹைதராபாத்திலிருந்த கூட்டுறவு ஊழியர்கள் சிலர் விடாது வாதாடியதன் பயனாக, 1995-இல் ஆந்திரத்தில் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் பிறந்தது. அதன்படி அமையும் சங்கத்தில் சர்க்காரின் பங்குத்தொகை கிடையாது. ஆகவே தலையீட்டுக்கும் இடம் சுருங்கியது. பழைய சட்டத்தையும் அவர்கள் நீக்கிவிடவில்லை. சர்க்காரின் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்ட சங்கம், விரும்பினால் புதியதற்கு மாறலாம். எவரையும் வற்புறுத்தாத இந்த ஏற்பாடே பிறரையும் துணியச் செய்தது என்பது என் எண்ணம். பிகார் 1996-இலும், கர்நாடகம் 1997-இலும், மத்தியப் பிரதேசம் 1999-இலும், ஒடிசா 2001-இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. பிகாரோ ஆந்திரத்தின் எல்லையிலும் இல்லை!

பின்னர் டில்லி இதையே வேறு வழியில் செய்ய முற்பட்டது. குழுவின் ஆயுள் ஐந்தாண்டு, கலைத்தால் ஆறு மாதத்திற்கு மேற்படலாகாது என்றெல்லாம் விதித்த 97-வது அரசியலமைப்புத் திருத்தம் 2012-இல் அமலுக்கு வந்தது. பாதி இராஜ்யங்களின் சட்டசபைகளுடைய ஒப்புதலைப் பெறாததால், இராஜ்யச் சங்கங்களைப் பொறுத்தவரை அது செல்லாதென 2021 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

ஆந்திரமும் கர்நாடகமும் நமக்கு அண்டை வீடுகள். ஆயினும் நாம் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தோடேயே இருக்கிறோம். சர்க்காரின் பங்கும் தள்ளுபடி மானியமும் இன்றி நெசவாளர் சங்கங்கள் நிற்குமா என்ற அச்சம் பொய்யன்று. கண்காணிப்புத் தளர்ந்தால் கணக்கைத் திரிக்கும் காரியதரிசிகளும் உண்டு. அத்தகைய பேரேடுகளை நானே புரட்டியிருக்கிறேன். அதற்குத் தணிக்கையைக் கடுமையாக்குவதே மருந்து. குழுவைக் கலைப்பது அன்று. சர்க்கார் பங்கு இல்லாத சிக்கனச் சங்கங்களுக்கும் விவசாயிகளின் விற்பனைச் சங்கங்களுக்குமாவது இவ்வழியைத் திறந்துவிடலாம். நெசவாளர் சங்கங்கள் தம் கணக்கைப் பார்த்துப் பிறகு தீர்மானிக்கட்டும். அந்தப் பெரியவரிடம், கேள்வியை எழுத்தில் தாருங்கள், அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்கிறேன் என்று கூறிவந்திருக்கிறேன்.