குடும்பப் பயணத்திற்குப் பெட்ரோல் வண்டியா? டீசல் வண்டியா?



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் பெற்றோர்களிடையே ஒரு கேள்வி எழுகிறது. தாத்தா பாட்டியையும் பிள்ளைகளையும் ஒருசேர ஏற்றிக்கொண்டு பினாங்கிற்கோ கேமரன் மலைக்கோ சென்றுவர எந்த வண்டி ஏற்றது? பெட்ரோலில் ஓடும் ஏழு இருக்கை வண்டியா, டீசலில் ஓடும் பெரிய வேனா? இப்பொழுது இதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டுள்ளது. படுக்கையும் அடுப்பும் பொருத்திய 'மோட்டார் ஹோம்' எனும் நகரும் வீட்டை வாடகைக்கு எடுக்கலாமா, அல்லது பழைய வேன் ஒன்றை வாங்கி அவ்வாறு மாற்றிக்கொள்ளலாமா என்றும் சிலர் வினவுகின்றனர்.

இது பட்டறைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். வேலை உண்டு. நம் நாட்டில் வண்டிக்கடன் ஒன்பது ஆண்டுகள் வரை நீளக்கூடியது. முதலாம் ஆண்டில் பிள்ளை சேரும்போது வாங்கிய கடன், அப்பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் முடிக்கும்வரை குடும்பத்தோடு நடந்துவரும். தவணை கழுத்தை நெரிக்கும்போது முதலில் நிறுத்தப்படுவது பிள்ளையின் கூடுதல் வகுப்பும் புத்தகமும்தாம். ஆகவே, இது கல்வியைத் தொடுகின்ற பொருளே.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் பெரும்பாலான நம் குடும்பங்களுக்குப் பெட்ரோல் வண்டியே சொந்தமாக வைத்துக்கொள்ளத் தக்கது. டீசல் வேன், பத்துப் பேருக்கு மேல் புறப்படும்போது வாடகைக்கு எடுக்கத் தக்கது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பயணத்திற்காக ஆண்டு முழுவதும் ஒரு பெரிய வண்டியைக் கட்டிக் காப்பது அறிவுடைமை ஆகாது. இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அமெரிக்கர்கள் 'கேஸ்' வண்டி என்று எழுதுவதைப் படித்துவிட்டு, அது எரிவாயுவில் ஓடுவது என்று சிலர் கருதுகின்றனர். அவர்கள் அச்சொல்லால் குறிப்பது பெட்ரோலையே. நம் நாட்டில் உண்மையாகவே இயற்கை எரிவாயுவில் ஓடிய வாடகை வண்டிகள் பல இருந்தன. பழுதடைந்த கலன்களால் நேரக்கூடிய ஆபத்தைக் கருதி, 2025 ஜூலை முதலாம் நாளோடு அவ்வெரிவாயு விற்பனை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகவே, எரிபொருள் ஊற்றி ஓட்டும் வண்டிகளுள் நம்முன் இருப்பவை பெட்ரோலும் டீசலும்தாம்.

முன்பெல்லாம் டீசலே மலிவு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி இருந்தது. அது அக்காலத்திற்குப் பொருந்திய எண்ணம். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது உதவித்தொகை நீக்கப்பட்டது. லிட்டர் 2.15 வெள்ளியாக இருந்த விலை அன்று 3.35 வெள்ளியாயிற்று. அதன்பின் அவ்விலை சந்தை நிலவரத்தை ஒட்டி ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. பெட்ரோலின் கதை வேறு. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய 'புடி 95' திட்டத்தில், ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியக் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளிக்கு வழங்கப்பட்டது. மாத வரம்பு 300 லிட்டர் என அறிவிக்கப்பட்டது. சலுகை இல்லாதோருக்கு அப்போதைய விலை 2.60 வெள்ளி.

இவ்விலைகளைக் கொண்டு ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுங்கை பூலோவிலிருந்து பினாங்கிற்குச் சென்று, அங்கே சுற்றிப் பார்த்துத் திரும்ப 800 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு இருக்கைப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டரும், ஆள் நிறைந்த டீசல் வேன் 10 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம்.

பெட்ரோல் வண்டிக்கு ஏறத்தாழ 67 லிட்டர் வேண்டும், 1.99 வெள்ளி விலையில் 133 வெள்ளி ஆகும். டீசல் வேனுக்கு 80 லிட்டர் வேண்டும், 3.35 வெள்ளி விலையில் 268 வெள்ளி ஆகும். ஏழு பேர் செல்லும் பயணத்தில் தலைக்கு 19 வெள்ளி எங்கே, 38 வெள்ளி எங்கே!

ஆனால், பன்னிரண்டு பேர் செல்வதாக இருந்தால் கணக்கு மாறுகிறது. அவர்களுக்கு இரண்டு பெட்ரோல் வண்டிகள் வேண்டும். எரிபொருளுக்கு 266 வெள்ளி. நெடுஞ்சாலைக் கட்டணமும் இரண்டு மடங்கு, ஓட்டுநரும் இருவர். ஒரே வேனில் சென்றால் எரிபொருளுக்கு 268 வெள்ளி. சாலைக் கட்டணம் ஒன்றே. அக்கா குடும்பம், சித்தப்பா குடும்பம் என்று இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து புறப்படும்போது டீசல் வேன் நியாயமான தேர்வாகிவிடுகிறது. நீங்கள் புறப்படும் வாரத்தின் விலையையும் உங்கள் வண்டியின் உண்மையான எரிபொருள் செலவையும் இக்கணக்கில் இட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் ஆண்டு மாணவரே இதைச் செய்துவிடுவார். பிள்ளையிடமே கொடுத்துச் செய்யச் சொல்லலாம்.

இனி, அன்றாட ஓட்டத்தைப் பார்ப்போம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மேற்கண்ட அளவுப்படி 1,250 லிட்டர் பெட்ரோல், 2,488 வெள்ளி. டீசலானால் 1,500 லிட்டர், 5,025 வெள்ளி. தனியார் டீசல் வண்டி வைத்திருப்போருள் தகுதி பெற்றவர்களுக்கு மாதம் 200 வெள்ளி வழங்கும் திட்டமும் 2024இல் அறிவிக்கப்பட்டது. அத்தொகை கிடைப்பவருக்கு இவ்வேறுபாடு பெரிதும் குறைந்துவிடும் என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். பெட்ரோல் சலுகையும் என்றென்றைக்கும் இவ்வாறே இருக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. அரசின் உதவித்தொகை ஒரே அறிவிப்பில் மாறலாம். நம் கடனோ ஒன்பது ஆண்டுக்கு மாறாது. ஆகவே, உதவித்தொகையை நம்பி வண்டியைத் தேர்வதைவிட, குறைவாகக் குடிக்கும் வண்டியைத் தேர்வதே பாதுகாப்பானது.

டீசல் பொறியின் சிறப்பையும் குறைத்துச் சொல்லலாகாது. ருடால்ஃப் டீசல் எனும் செருமானியப் பொறியாளர் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய அப்பொறியில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றைக் கடுமையாக அழுத்திச் சூடேற்றி, அச்சூட்டிலேயே எரிபொருளை எரியச் செய்கின்றனர். அதனால் குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த இழுவிசை கிடைக்கிறது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரையிலான வளைவுச் சாலையில், பன்னிரண்டு பேரையும் பெட்டிகளையும் சுமந்து ஏறும் டீசல் வேன் திணறுவதில்லை. டீசல், பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகித் தீப்பற்றுவதும் இல்லை. ஐரோப்பாவில் மோட்டார் ஹோம்கள் பெரும்பாலும் டீசலில் ஓடுவதற்கும், அமெரிக்காவில் மிகப் பெரிய நகரும் வீடுகளுக்கு டீசல் பொறி பொருத்தப்படுவதற்கும் சுமையே முதன்மைக் காரணம்.

ஆயினும், நம் வாழ்க்கை முறையில் அச்சிறப்பு எத்தனை நாள் பயன்படும்? காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், மாலையில் சந்தைக்கு இரண்டு கிலோமீட்டர், சுங்கை பூலோ முச்சந்தி நெரிசலில் அரை மணி நேரம். இதுதான் நம் ஓட்டம். புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உள்ளது. வண்டி நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போதுதான் அக்கரி முறையாக எரிந்து வடிகட்டி தூய்மையாகும். குறுந்தொலைவு மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவு மிகுதி.

வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைத்தாலும் தொல்லைதான். நம் நாட்டில் போக்குவரத்துக்கான டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து பெறப்படும் உயிர்டீசலைக் கலப்பது 2019இல் நடைமுறைக்கு வந்தது. நம் முன்னோர் உழைத்த தோட்டத்துப் பயிர் இன்று எரிபொருளாகவும் ஆகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், உயிர்டீசல் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டியின் கலத்தில் நீர் சேர்ந்து அழுக்குப் படியும். விடுமுறைக்கு மட்டும் எடுக்கப்படும் வேனுக்கு இது நல்லதன்று.

ஆசிரியராக என்னை மிகவும் உறுத்துவது புகை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென 2012இல் வகைப்படுத்தியது. 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்கு மேற்படாத 'யூரோ 5' தரம் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஐந்நூறு பங்கு வரை இருந்தது. எரிபொருள் தூய்மையானது உண்மை. பதினைந்து ஆண்டு பழைய பொறி அதனால் புதியதாகிவிடாது. பள்ளி வாயிலில் பழைய வேன்கள் பொறியை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நிற்கும்போது, அப்புகைக்கு அருகில் நிற்பது முதலாம் ஆண்டுப் பிள்ளை. எந்த எரிபொருளில் ஓடும் வண்டியாயினும், பள்ளி வாயிலில் பொறியை நிறுத்திவிடுங்கள் என்று பெற்றோரை இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, நகரும் வீட்டைப் பற்றிச் சில சொற்கள். அது பிள்ளைகளின் கனவு, பெரியவர்களின் கனவும்தான். அதனை வாடகைக்கு எடுத்து ஓரிரு நாள் மகிழ்வதில் தவறில்லை. அவ்வாறு எடுக்கும்போது, பெட்ரோலா டீசலா என்று கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, ஒவ்வொருவருக்கும் இருக்கை வார் உள்ளதா? நம் நாட்டில் பின்னிருக்கை வார் 2009 சனவரி முதலும், குழந்தை இருக்கை 2020 சனவரி முதலும் கட்டாயமாக்கப்பட்டன. பக்கவாட்டுப் பலகையிலும் படுக்கையிலும் பிள்ளைகளை விட்டுவிட்டு வண்டியை ஓட்டுவது பேராபத்து. படுக்கை, வண்டி நின்றபின் பயன்படுத்துவதற்கே.

இரண்டாவது, சக்கரங்கள் எத்தனை? நான்கு சக்கர வேனுக்கு நெடுஞ்சாலையில் முதலாம் வகுப்புக் கட்டணம். சிறு லாரியின் மேல் கட்டிய, பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட வண்டிக்கு இரண்டாம் வகுப்பு, கட்டணம் கூடும். வெறும் எடை 3,500 கிலோவைத் தாண்டினால் சாதாரண 'டி' உரிமமும் போதாது.

மூன்றாவது, இரவில் குளிர்சாதனம் எதனால் இயங்கும்? பொறியையோ மின்னாக்கியையோ ஓடவிட்டு, சன்னல்களை மூடிக்கொண்டு உறங்கவே கூடாது. அவற்றின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். பெட்ரோல் பொறியில் இந்நச்சு மிகுதி; டீசலில் குறைவென்றாலும் இல்லாமல் போவதில்லை. உள்ளே சமைக்கும்போதும் சன்னல் திறந்திருக்க வேண்டும்.

நான்காவது, தடைக்கருவியை அண்மையில் சோதித்தார்களா? 2013 ஆகஸ்டு 21இல் கெந்திங் மலைச்சாலையில் பேருந்து கவிழ்ந்து 37 பேர் மாண்டனர். 2025 ஜூன் 9இல் கிரிக் அருகே நிகழ்ந்த விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் உயிரிழந்தனர். நாளைய ஆசிரியர்கள் பலரை நாம் பறிகொடுத்த நாள் அது. மலையிலிருந்து இறங்கும்போது தாழ்ந்த பற்சக்கரத்தில் மெதுவாக இறங்குவதும், உறுதியான தடையும், அனைவரும் அணிந்த வாரும்தாம் உயிரைக் காக்கும். எரிபொருளின் பெயர் அங்கே உதவாது.

"சொந்தமாகப் பெரிய வண்டி இருந்தால்தான் உறவுகள் ஒன்றுகூடும், வாடகை என்றால் புறப்படவே மாட்டார்கள்" என்று சிலர் வாதிடுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. மாதந்தோறும் பத்துப் பேரோடு பயணம் செல்லும் குடும்பமும், வேனைத் தொழிலுக்கும் பயன்படுத்தும் குடும்பமும் டீசல் வேனைத் தாராளமாக வாங்கலாம். ஆனால், பள்ளிப் பேருந்து நடத்துவோர் பெறும் மலிவு டீசல் சலுகை, முறையாகப் பதிந்த தொழில் வண்டிகளுக்கே உரியது. குடும்ப வேனுக்கு அன்று என்பதையும் நினைவிற் கொள்க.

மற்றவர்கள் ஒரு குறிப்பேட்டை எடுத்து, கடந்த ஓராண்டில் ஏழு பேருக்கு மேல் ஒன்றாகப் பயணம் செய்த நாள்களை எண்ணிப் பாருங்கள். பத்து நாளுக்குக் குறைவு என்றால், சிறிய பெட்ரோல் வண்டி போதும். அந்நாள்களுக்கு மட்டும் வேனை வாடகைக்கு எடுங்கள். நம் தாத்தாமார் தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே தைப்பூசத்திற்குச் சென்றார்கள். வண்டி அவர்களுடையது அன்று. ஆயினும், அப்பயணத்தின் மகிழ்ச்சி அவர்களுடையதாகவே இருந்தது. மிச்சமாகும் பணத்தில் இன்னொரு முறை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். லெம்பா பூஜாங்கின் பழஞ்சின்னங்களைப் பாடநூலில் படிப்பதைவிட நேரில் காணும் பிள்ளை, வரலாற்றை மறப்பதில்லை.

பயணங்கள் இனிதாகுக.