பணமில்லை என்னும் புது மந்திரம்

பாமர ஜனங்களின் வாயை அடைப்பதற்கு முன்காலத்தில் "தலைவிதி" என்கின்ற ஒரு வார்த்தையே போதுமானதாயிருந்தது. இக்காலத்து அதிகாரிகள் அதற்குப் பதிலாக வேறொரு மந்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதுதான் "பணமில்லை, வேறு வழியில்லை" என்பது. பள்ளிக்கூடத்தை மூடுவதற்கும் இதே மந்திரம். ஆஸ்பத்திரியை மூடுவதற்கும் இதே மந்திரம். இம்மந்திரத்தை ஓதியவர்களையே ஒரு ஊரார் கணக்குக் கேட்டுக் கோர்ட்டில் நிறுத்தி ஜெயித்த சங்கதியை நமது தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 1948-ம் வருஷம் ஜூலை மாதம் 5-ந் தேதி, சுரங்கத் தொழிலாளியாயிருந்து மந்திரியான அனூரின் பெவன் என்பவரின் முயற்சியால் தேசீய சுகாதார சேவை ஆரம்பமாயிற்று. நோயாளி வாசலில் பணம் கட்டாமல் வைத்தியம் பெறலாம். செலவு பொதுவரியிலிருந்து போகும் என்பதே அதன் தத்துவம். ஆகவே அங்குள்ள ஆஸ்பத்திரிகள் எந்தப் பிரபுவும் போட்ட பிச்சையல்ல. ஜனங்கள் தங்கள் பணத்தைக் கொண்டு தாங்களே நடத்திவரும் சொந்த சொத்தாகும்.

லண்டனின் தென்கிழக்குப் பாகத்தில் லூயிஷம் என்று ஒரு பகுதி இருக்கின்றது. 2011-ம் வருஷத்திய ஜனக்கணக்குப்படி அங்கே 2,75,000 பேருக்கு மேல் குடியிருந்தார்கள். அவர்களுக்கென்று அங்கே ஒரு ஆஸ்பத்திரி உண்டு. அது நஷ்டத்தில் ஓடவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் மூன்று நிர்வாகங்களை ஒன்றாகச் சேர்த்து 2009-ல் ஏற்படுத்தப்பட்ட தென் லண்டன் சுகாதார ஸ்தாபனம் வாரத்துக்குப் பத்து லட்சம் பவுனுக்குமேல் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது. 2012 ஜூலையில் சர்க்கார் அதற்கு ஒரு விசேஷ நிர்வாகியை நியமித்தார்கள்.

அந்த நஷ்டத்துக்கு ஒரு முக்கிய காரணம் என்ன? அதிலிருந்த இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளைச் சர்க்கார் நேரில் கட்டவில்லை. தனியார் முதலாளிகள் பணம் போட்டுக் கட்டுவது, பொது ஸ்தாபனம் பல பத்து வருஷகாலம் தவணை கட்டுவது என்கின்ற கண்டிராக்டின்மேல் அவை கட்டப்பட்டன. சர்க்கார் தாமே கடன் வாங்கினால் வட்டி குறைவு. முதலாளி மூலமாக வாங்கினால் வட்டியும் லாபமும் சேர்ந்து அதிகம். நோயாளிக்குக் கஞ்சி ஊற்றுகின்றார்களோ இல்லையோ, முதலாளிக்குத் தவணை கட்டியாக வேண்டும். 1992-ல் கன்சர்வேட்டிவ் கட்சியார் ஆரம்பித்த இந்த ஏற்பாட்டை 1997-க்குப் பின் தொழிற்கட்சியாரும் அமோகமாக வளர்த்தார்கள். 2018-ல் இனிமேல் இத்தகைய புதுக் கண்டிராக்டு வேண்டியதில்லையென்று சர்க்காரே கைவிட்டுவிட்டார்கள். அப்படியானால் இது கடவுள் எழுதிய எழுத்தா, மனிதன் போட்ட கையெழுத்தா?

நிற்க, அந்த நிர்வாகி கண்டுபிடித்த மருந்தைக் கேளுங்கள். நஷ்டமில்லாத லூயிஷம் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பகுதியையும், முழுப் பிரசவ ஆஸ்பத்திரியையும் எடுத்துவிட்டு, நிலத்தில் ஒரு பெரும் பாகத்தை விற்றுவிட வேண்டுமாம்! அடுத்த வீட்டுக்காரன் கடனுக்கு நமது வீட்டு மாட்டை ஜப்தி செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

லூயிஷம் ஜனங்கள் இதற்குத் தலைகுனிந்துவிடவில்லை. லூயிஸ் இர்வின் என்னும் டாக்டரம்மாளைத் தலைவராகக் கொண்டு ஒரு பாதுகாப்புக் கூட்டம் சேர்த்தார்கள். டாக்டர்களும், நர்ஸுகளும், மருத்துவச்சிகளும், கடைக்காரர்களும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்களும் வந்தார்கள். வீட்டு ஜன்னல்தோறும் விளம்பரத் தாள் ஒட்டினார்கள். 2012 நவம்பரில் பல்லாயிரம் பேர் மழையில் நனைந்துகொண்டு ஊர்வலம் போனார்கள். 2013 ஜனவரி 26-ந் தேதி, நடத்தியவர்கள் கணக்குப்படி 25,000 பேர் தெருவில் இறங்கினார்கள். ஐந்தே நாள் கழித்து மந்திரி ஜெரமி ஹண்ட் சிற்சில மாறுதலோடு அந்தத் திட்டத்துக்கே சம்மதம் கொடுத்தார்.

"கூட்டம் போட்டு என்ன கண்டீர்கள்?" என்று சில புத்திசாலிகள் அப்போது கேட்டிருக்கக்கூடும். கண்டது இதுதான்: ஜனங்களின் கூட்டமும் லூயிஷம் கவுன்சிலும் ஹைகோர்ட்டுக்குப் போயின. எந்த ஸ்தாபனத்துக்கு நிர்வாகி நியமிக்கப்பட்டாரோ அதைத் தவிர வேறொன்றில் கைவைக்க சட்டத்தில் அதிகாரமில்லை என்று 2013 ஜூலை 31-ந் தேதி தீர்ப்பாயிற்று. மந்திரி அப்பீல் செய்தார். அக்டோபர் 29-ந் தேதி அப்பீல் கோர்ட்டும் அவருக்கு விரோதமாகவே முடிவு சொல்லிற்று. ஆஸ்பத்திரி பிழைத்தது.

சிலர், "சிகிச்சையை ஒரே இடத்தில் சேர்த்தால் உயிர் அதிகம் பிழைக்கும், இது தெரியாத ஜனங்கள் கூச்சல் போடுகிறார்கள்" என்பார்கள். சில வியாதிகளுக்கு இது வாஸ்தவமே. 2010-ல் லண்டனில் பக்கவாத சிகிச்சையை எட்டு ஆஸ்பத்திரிகளில் சேர்த்ததனால் சாவு குறைந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வைத்திய ஆராய்ச்சியின்மேல் ஒரு மாறுதல் செய்வது வேறு. கடன் கணக்குக்காக மூடத் துணிந்துவிட்டு, பிறகு அதற்கு வைத்திய நியாயம் தேடுவது வேறு. முன்னது பகுத்தறிவு, பின்னது புரோகிதம்.

ஆனாலும் ஜெயித்துவிட்டோமென்று தூங்கிவிடுவது பெரும் பிசகாகும். கோர்ட்டில் தோற்ற சர்க்கார் என்ன செய்தார்கள்? 2014-ல் சட்டத்தையே திருத்தி, இப்படிப்பட்ட நிர்வாகிகள் பக்கத்து ஆஸ்பத்திரிகள் விஷயத்திலும் சிபாரிசு செய்யலாம் என்று வழி வைத்துக்கொண்டார்கள். அவசரத்துக்குக் கூடிப் பிறகு கலைந்துபோகும் கூட்டத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வருஷம் முழுவதும் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் வேண்டும்.

ஆகவே தோழர்களே! எந்த ஊரிலாகட்டும், பொது வைத்தியத்தைக் குறைக்க வருபவன் "பணமில்லை" என்று சொன்னால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடன் யாருடையது? கையெழுத்துப் போட்டது யார்? வட்டி யார் வீட்டுக்குப் போகின்றது? மூடுவதற்குச் சட்டத்தில் இடமுண்டா? இந்த நான்கு கேள்விகளையும் ஊரோடு கூடிக் கேளுங்கள். பதில் வருகின்ற வரையில் ஒரு கதவைக்கூட மூட விடாதீர்கள்.