பெருகும் தளங்களும் கரையும் எழுத்தும்

கடைகள் பெருகியதனாலேயே சரக்குப் பெருகிவிட்டது என்று கொள்ளுதல் பொருந்தாது. தமிழ் இணையத்தின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.

1997ஆம் ஆண்டு நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய பொழுது, கணினித் திரையில் தமிழைக் காண்பதே வியப்பாயிருந்தது. பின்னர் யாஹூ குழுமங்கள் முளைத்தன, வலைப்பதிவுகள் பெருகின. அவற்றை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டுவதற்கென்றே 2004இல் ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டி தோன்றியது. இன்றோ முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் ஊருக்கொரு குழு, துறைக்கொரு குழு, பாடலுக்கொரு குழு எனக் கணக்கின்றிக் கிளைத்துள்ளன.

விளைவு யாது? ஒரே பொருளுக்குப் பத்துக் குழுக்கள். பத்திலும் அதே செய்தி. எழுதுவோர் சிதறுகின்றனர், படிப்போர் சலிப்புறுகின்றனர், தொடங்கியவரோ மறுமொழியின்றிச் சோர்ந்து கைவிடுகின்றார்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. 2009இல் ஜியோசிட்டீஸ் தளத்தையும் 2020இல் குழுமங்களையும் யாஹூ நிறுவனம் மூடியது. படியெடுத்து வைக்கப்படாத உரையாடல்கள் அவற்றோடு மறைந்தன. சூளையில் சுடாத கலம் நீர் பட்டால் கரையும் என்பதை விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. பேணப்படாத எழுத்தின் நிலையும் அதுவே.

சிறு குழுக்களே வேண்டா என்பதன்று நம் கருத்து. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ சிற்றிதழ்தான், வாசகர் சிலரே. ஆயினும் புதுக்கவிதைக்கு அது வழி திறந்தது. அச்சேறியமையால் அதன் ஏடுகளை இன்றும் ஆய்வாளர் தேடிப் படிக்க முடிகின்றது. சிறுமை குறையன்று, காப்பின்மையே குறை.

மாறாக, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நோக்குக. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் ஊதியம் கருதாது தட்டெழுதியும் பிழை திருத்தியும் தமிழ் நூல்களை ஒரே இடத்தில் சேர்த்தனர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை இன்று எவரும் எங்கிருந்தும் கட்டணமின்றிப் படிக்கலாம். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வாறு பலர் கூடி இழுக்கும் தேரே.

ஆகவே மாணவர்காள்! புதிய குழுவொன்றைத் தொடங்குமுன் இரு வினாக்களை எழுப்புங்கள். இப்பணியை முன்னரே செய்வோர் உளரா? நாம் விலகிய பின் நம் எழுத்து எங்கே இருக்கும்? முதல் வினாவிற்கு ‘உளர்’ என்பது விடையாயின், அவர்களோடு சேருங்கள். இரண்டாவதற்கு விடை இல்லையாயின், படியெடுத்து நூலகத்திற்கும் ஒன்று அளித்த பின்னரே தொடருங்கள். தனிப்பெயர் மங்கினும் குற்றமில்லை. தமிழ் எழுத்து எஞ்சுதல் வேண்டும்.